ஒரு வண்டிக்கு இரண்டு கிரவுன்

வையாபுரியின் லாரி சிறுத்துக்கொண்டு வருவதை முதலில் பார்த்தவர்கள் நாக்பூர்க்காரர்கள்தான், ஆனால் அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தெற்கேயிருந்து வருகிற ஆட்களும் வண்டிகளும் கொஞ்சம் குள்ளமாகத்தான் இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, மூட்டைகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரி என்று சொல்லி இறக்கிக்கொண்டார்கள். மூட்டைக்குள் இருந்த ஜவ்வரிசி கசகசா அளவுக்கு வந்திருந்ததை அவர்கள் பிரித்துப் பார்த்தபோது வண்டி கிளம்பிப் போயிருந்தது.

எங்கள் ஊர் குப்பாண்டிபுதூர், சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது, பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு என்று கேட்காமல் வண்டிக்கு எத்தனை வீல் என்று கேட்கிற ஊர். ஊர் முனையில் எடைமேடை வைத்திருக்கிறவன் நான். லோடு ஏற்றிய வண்டி என் மேடையில் ஏறி நின்று, எடை காட்டி, இறங்கிப் போக வேண்டும், ஆகவே யார் எங்கே போகிறார்கள், யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நான் பிறவியிலேயே பயந்த சுபாவம், இந்தக் கதையை என்னைவிடத் தைரியசாலி யாராவது சொல்லியிருந்தால் இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

லாரி ஓட்டாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின் ஆக்சிலுக்கு நடுவே, இரும்பு வயிற்றுக்குள், எண்ணெயில் முங்கிக்கொண்டு ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது, அதற்குக் கிரவுன் என்று பேர், அதைச் சுற்ற வைக்கிற சின்னச் சக்கரத்துக்குப் பினியன் என்று பேர். பினியனுக்கு ஆறு பல். கிரவுனுக்கு நாற்பத்தொரு பல் இருந்தால் வண்டி மலையைக் கண்டு அஞ்சாது, ஆனால் சமவெளியில் மாடு மாதிரி நடக்கும். முப்பத்தேழு பல் இருந்தால் சமவெளியில் பறக்கும், ஆனால் மலையில் மூச்சு வாங்கும். எதைப் போடுவது என்பதில்தான் எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் பேசாமல் போயிருக்கிறார்கள், சம்பந்திகள் பந்தியிலிருந்து எழுந்து போயிருக்கிறார்கள்.

வையாபுரியும் அவர் மனைவி வளர்மதியும் அதற்கு விலக்கா என்ன. இரண்டு பேரும் ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தார்கள், மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு ஒன்றாகவே லைனுக்கு, அதாவது வெளியூர் லோடுக்கு, போனார்கள், பிள்ளைகள் இல்லை, வண்டியிலேயே அடுப்பு, வண்டியிலேயே படுக்கை, வண்டியிலேயே சண்டை. பழைய டிப்பர் ஒன்றை வாங்கிப் பாடி மாற்றியிருந்தார்கள், பத்து வீல் வண்டி, பின்னால் இருக்கிற இரண்டு ஆக்சிலும் இழுக்கும், இரண்டிலும் கிரவுன் உண்டு. கிரவுன் தேய்ந்துபோய் மாற்ற வேண்டி வந்தபோது அவர் முப்பத்தேழு என்றார், அவள் நாற்பத்தொன்று என்றாள். குழந்தைவேல் மேஸ்திரியின் பட்டறையில் நின்றுகொண்டு அவர்கள் போட்ட சத்தத்தில் எதிரே டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"மலையில ஏறையில வண்டி பின்னால உருண்டா யாரு போயித் தாங்குறது? நீங்களா?" என்று வளர்மதி கேட்டாள்.

"வருசத்துக்கு நாலு தடவை ஏறுற மேட்டுக்காவ வருசம் பூராம் ஊர்ந்துட்டே போவாங்களா புள்ள?" என்றார் வையாபுரி.

மேஸ்திரி நல்ல மனுஷன், யார் முகமும் வாடுவதைப் பார்க்கத் தாங்காதவர். "ரெண்டு பேருத்துக்கும் மனசு கோணாம முடிச்சுத் தர்றேன், போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். வண்டியை எடுக்க வந்தபோது தனியே அவரிடம் 'நீங்க கேட்டதையே போட்டுட்டேன்' என்றும், தனியே அவளிடம் 'நீ கேட்டதையே போட்டுட்டேன் அம்மணி' என்றும் சொன்னார், அதில் பொய் ஒன்றும் இல்லை. இருவரும் தான்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டு அன்று முழுக்க ஒருவரோடு ஒருவர் மிகுந்த அன்பாக நடந்துகொண்டார்கள்.

கிளம்புகிற அன்று வளர்மதிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. வையாபுரி ஜவ்வரிசி லோடோடு நாக்பூருக்குத் தனியாகத்தான் போனார். என் மேடையில் ஏறி இறங்கியபோது கையை வெளியே நீட்டி ஆட்டினார், வழக்கம்போல நானும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு வளர்மதிக்குப் போன் வர ஆரம்பித்தது. முதலில் அவர் குரல் சாதாரணமாக இருந்தது, பிறகு கொஞ்சம் சன்னமாக, பிறகு தொண்டை கட்டின பெண்பிள்ளை குரல் மாதிரி, பிறகு அதைவிட மெல்லியதாக.

"ரோடு நீளமாப் போயிட்டே இருக்குது புள்ள. அரை நாள்ல தாண்டுற ஊரு, பொழுதுக்கும் ஓட்டியும் வரமாட்டீங்குது. ஆளுகளெல்லாம் பனமரம் மாதிரி நிக்கறாங்க."

"வண்டிய ஓரங்கட்டி நிறுத்துங்க. நான் ஆளைக் கூட்டிட்டு வர்றேன்."

"நிறுத்துனாத்தான் பயமா இருக்குது. நேத்து ஒரு ஓட்டல்ல நிறுத்துனேன், பானட்டு மேல ஒரு பூனை ஏறி உக்காந்துக்குச்சு. கண்ணாடி வழியா என்னையவே பாத்துட்டு இருந்துச்சு. ஆரன் அடிச்சேன், அது காதைக்கூட அசைக்கல புள்ள."

அவருக்குத் தான் சிறுத்துப்போவது தெரியவில்லை, உலகம்தான் வீங்கிக்கொண்டு போகிறது என்று நினைத்தார், ஆகவே வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி நிற்காமல் ஓட்டினார், ஓட்ட ஓட்ட இன்னும் சிறுத்தார். வழியில் இருந்தவர்கள் அவரவர் வசதிப்படி இதற்குப் பழகிக்கொண்டார்கள். பங்க்கில் ஒருவர் டீசலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஊற்றினார், அடுத்த பங்க்கில் இங்க் ஃபில்லரில் ஊற்றினார்கள். சுங்கச்சாவடியில் தடுப்புக் கம்பியைத் தூக்க வேண்டிய வேலை இல்லாமல் அவர் அதற்கடியிலேயே வந்துவிட்டதால், தூக்காத கம்பிக்கு வசூல் உண்டா என்று அங்கே இருந்தவர்கள் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பதில் வருவதற்குள் அவர் தாண்டிவிட்டிருந்தார்.

காய்ச்சல் விட்டதும் வளர்மதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் பேச்சை விட்டுவிட்டு வண்டியின் பேச்சைக் கேட்டாள். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது கேட்கும். பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது, ஒரு முனகல் இல்லை, இரண்டு, ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு, ஒரே கயிற்றை இரண்டு பக்கம் இழுக்கிறவர்கள் பல்லைக் கடிக்கிற மாதிரி. அவள் செருப்புக்கூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணா, எந்தக் கிரவுன் போட்டீங்க?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பின்னால இருக்கற ரெண்டுல, முன் ஆக்சில்ல நீ கேட்டது, பின் ஆக்சில்ல அவரு கேட்டது. ரெண்டு பேரு பேச்சையும் கேட்டது தப்பா அம்மணி?"

"ஒரே வண்டிக்கா?"

"ஒரே வீட்ல ரெண்டு பேரு இருக்கறதில்லையா?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

வளர்மதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஆக்சிலையும் சுற்றுவது ஒரே இஞ்சின். ஒன்று ஒரு கிலோமீட்டர் வந்துவிட்டேன் என்கிறது, இன்னொன்று இன்னும் வரவில்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவே துண்டு விழுகிற தூரத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். ரோடு கொடுக்காது, அது அரசாங்கத்தினுடையது. கொஞ்ச நாள் டயர் கொடுத்துப் பார்க்கும். அதற்கப்புறம் வண்டிதான் தன் உடம்பிலிருந்து கிள்ளிக் கிள்ளிக் கொடுக்க வேண்டும், வண்டிக்குள் இருக்கிறவனும் சேர்ந்து கொடுக்க வேண்டும்.

அவள் அவருக்குப் போன் போட்டு, நிறுத்துங்க, அந்த இடத்திலேயே நிறுத்துங்க என்று கத்தினாள். அந்தப் பக்கம் கொசு மாதிரி ஏதோ பாடியது. அவள் கத்தியது அவர் காதில் இடி இடித்த மாதிரிதான் விழுந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் பொங்கியண்ணன் மைக் கட்டி ஊருக்கு அறிவித்தார்: வையாபுரி திரும்பி வருகிற வடக்கு ரோட்டில் யாரும் வண்டி எடுக்கக் கூடாது, ஆடு மாடு விடக் கூடாது, நாயைக் கட்டி வைக்க வேண்டும், நடக்கிறவர்கள் வெறுங்காலோடு, முன்னால் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஊர் மொத்தமும் ரோட்டில் இறங்கியது. ஆண்கள் வண்டிகளைக் குறுக்கே நிறுத்திப் போக்குவரத்தை மறித்தார்கள், பெண்கள் விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காக்கைகளை விரட்டினார்கள், காலை வெயிலில் நூற்றுக்கணக்கான பேர் குனிந்துகொண்டு ரோட்டில் நகர்ந்ததைப் பார்த்தால் ஊரே எதையோ தொலைத்துவிட்டதென்று தோன்றும். தொலைத்துத்தான் இருந்தோம்.

வையாபுரி ரோட்டில் வரவில்லை, பயந்துபோய் ஓரமாக, மண்ணில், நெருஞ்சிச் செடிகளுக்கு ஊடே வந்திருக்கிறார். அவராகவே வந்து என் எடைமேடைக்கு எதிரே நின்றார். வண்டி ஒரு முழம்கூட இல்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கினார், என் நடுவிரல் உயரம் இருந்தார், லுங்கி, தோளில் துண்டு, எல்லாம் அதனதன் அளவில் சரியாக. எங்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு மறுபடியும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வளர்மதி அழவில்லை. மண்ணில் குப்புறப் படுத்து, வண்டியோடு முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் மூச்சில் வண்டி ஆடியது. வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லி நாங்கள்தான் ஒரு துணி கொடுத்தோம், அன்றிலிருந்து அந்த வண்டிக்குப் பக்கத்தில் போகிறவர்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு போவது ஊர் வழக்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான பயம் பிடித்தது. இரண்டு ஆக்சில் இழுக்கிற வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலைப் பிரித்துப் பல் எண்ணினார்கள், எண்ணிவிட்டு நம்பாமல் பெண்டாட்டியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் டேப் எடுத்து வண்டியை அளந்தார்கள், பிறகு தங்களை, பிறகு பிள்ளைகளை வாசல் நிலையில் நிறுத்தி வைத்து அளந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி வளரவில்லை என்று அவள் அம்மா பட்டறை வாசலில் வந்து மேஸ்திரியைத் திட்டினாள், அவளுக்கு லாரியே கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதற்குப் பயந்தார்கள், எந்தச் சண்டையில் யார் சமரசம் பண்ணிவைத்துவிடுவார்களோ என்று எந்தக் காரியத்திலும் ஒருவர் சொல்வதை மற்றவர் உடனே ஒத்துக்கொண்டார்கள், எங்கள் ஊர் அவ்வளவு அமைதியாக இருந்ததை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

மேஸ்திரிக்கு ஒரு யோசனை வந்தது. கிரவுன்களை இடம் மாற்றிப் போட்டால், முன்னதைப் பின்னதாக்கினால், துண்டு விழுந்த தூரம் திரும்பி வரும், வண்டியும் திரும்ப வளரும். பட்டறையில் கிடந்த கிழட்டு டிப்பர் ஒன்றில் அப்படியே போட்டு, தானே ஏறி, மேட்டூர் ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தார். இறங்கிப் பட்டறை வாசற்படியில் தாவித்தான் ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்தார், கால் தரையைத் தொடவில்லை. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "எப்படிப் போட்டாலும் அது வாங்கத்தான் வாங்குது, திருப்பிக் குடுக்காது போல" என்றார். அந்த மனுஷன் அன்றைக்குப் பிறகு யாரையும் சமாதானப்படுத்திப் பேசி நான் கேட்டதில்லை.

ஆக, வளர முடியாது, இனிமேல் சிறுக்காமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். அதற்கு இரண்டு ஆக்சிலுக்கும் ஒரே கணக்கில் இரண்டு ஜோடி வேண்டும், கடுகளவு பல்லோடு. அதைச் செய்யக்கூடியவள் எங்கள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள், ரெஜினா. அவள் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஃபோம் ஷீட்டிலும் பித்தளையிலும் நிஜம் மாதிரியே மினியேச்சர் லாரிகள் செய்து, ரிமோட்டில் ஓட்டி, அதைப் படம் பிடித்துப் போடுகிறவள், பொம்மை செய்கிற பொண்ணு என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தவள். ஊரே படியேறிப் போய் அவள் வாசலில் நின்றது.

ரெஜினா வண்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், உள்ளே இருந்த மனுஷனைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டாள். பிறகு வளர்மதியிடம் கேட்டாள், "எத்தனை பல்லு போடட்டுங்க அக்கா?"

"அவரு முப்பத்தேழு கேட்டாரு. அதையே போட்டுருங்க. இனி நான் எதுக்குங்க வம்பு பண்ணப் போறேன்."

"அது ஆகாதுங்க அக்கா. வண்டி பாதியாச்சுன்னா எடை பாதியாகறதில்ல, எட்டுல ஒரு பங்காயிருது. இத்தனை சிறுத்த வண்டிக்கு மலையே கெடையாது, இஞ்சினுக்குச் சுமையே தெரியாது. பெரிய வண்டிக் கணக்கைப் போட்டா எலி மாதிரி ஓடும். ஓடுச்சுன்னா யாரு கண்ணுலயும் படாது. மிதிச்சுப்போடுவாங்க."

வளர்மதி வண்டிக்கு முன்னால் கையை அணை மாதிரி வைத்துக்கொண்டாள். பிறகு, "மெதுவாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதாள்.

ஆறுக்கு அறுபது பல் என்று ரெஜினா வெட்டிக் கொடுத்தாள். மாட்டியது வையாபுரியேதான், எங்கள் விரல் அங்கே நுழையாது. அவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தபோது ஊர் வாயைக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தது, ஒருவர் தும்மினால்கூட அவர் மேல் ஆக்சில் சரிந்துவிடும் என்று தும்மல் வந்தவர்கள் எழுந்து தெருக்கோடிக்கு ஓடினார்கள். மாட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து, அளந்தோம். சிறுக்கவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட வாயைத் திறந்தோம், பிறகு ஞாபகம் வந்து மூடிக்கொண்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் ஒரு விஷயத்துக்கு ஊர் பழகிவிட்டால் அதை ஊர் தன் சொத்தாக்கிக்கொள்ளும். காக்கைக்குப் பயந்து பேக்கரியிலிருந்து பப்ஸ் வைக்கிற கண்ணாடிப் பெட்டியை வாங்கி வண்டியை அதற்குள் வைத்தார்கள், அது நியாயம்தான். பெட்டியைச் சங்கக் கட்டடத்தின் முன்கூடத்தில் வைத்தார்கள். லைனுக்குப் போகிற டிரைவர்கள் போகும்போது ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்படிக் கும்பிட்டுப் போன ஒரு வண்டி பெரிய விபத்தில் தப்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எலுமிச்சம்பழம் வந்தது, பூ வந்தது, பெட்டிக்கு முன்னால் கற்பூரம் வந்தது. கற்பூர அனலில் கண்ணாடி சுட்டு, உள்ளே அவர் வண்டியின் ஜன்னல்களை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சுற்றி அத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது?

ரெஜினா சின்னதாக ஒரு மைக் செய்து பெட்டிக்குள் வைத்து ஸ்பீக்கரில் இணைத்தாள். அதில்தான் நாங்கள் அவர் குரலை மறுபடியும் கேட்டோம். வளர்மதி பெட்டியோடு கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்புள்ள, எதுக்கு எல்லாரும் இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாங்க?"

"சும்மாதானுங்க. உங்க மேல பிரியத்துல."

"நீ எங்க இருக்கற?"

"இங்கதானுங்க. உங்களுக்கு எதுக்கவே."

அவர் கண்ணாடியை ஒட்டி வந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் சொன்னார், "எனக்கு ஒரு கண்ணுதான் தெரியுது புள்ள. அப்பறம் கொஞ்சம் மூக்குத்தி தெரியுது. உன் மூஞ்சி முழுசாத் தெரியவே மாட்டீங்குது. தள்ளிப் போனீன்னா மங்கலாயிருது. எனக்கு உன் மூஞ்சி மறந்துரும்னு பயமா இருக்குது."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். கற்பூரம் பற்றவைக்க வந்தவர் தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

மறுநாள் காலை வளர்மதி பட்டறைக்குப் போய், மேஸ்திரி இடம் மாற்றிப் போட்டு வைத்த அந்தக் கிழட்டு டிப்பரைக் கேட்டாள். கிரவுனை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள். மேஸ்திரி சாவியைக் கொடுக்கவில்லை, அவள் அவர் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள், அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். என் மேடைக்கு வந்து நிறுத்தினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மணி, வேண்டாம். அவரு எங்க நின்னாரோ அங்கயே நீ நிக்கறதுக்கு என்ன உத்தரவாதம்? கொஞ்சம் தாண்டிட்டீன்னா அவரு கைக்கும் அகப்படாமப் போயிருவே. கண்ணுக்கே தெரியாமப் போயிருவே."

"அவரு போன ரோட்டுலயே போயிட்டு, அவரு வந்த ரோட்டுலயே வர்றேனுங்கண்ணா."

"இது வேற வண்டி, வேற டயரு. பயமா இல்லையா உனக்கு?"

"பயமாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டாள். "ஆனா அவரு அங்க ஒண்டியா உக்காந்திருக்காரு. கையை எடுங்கண்ணா."

கையை எடுத்தேன்.

அவள் போனாள். இந்தத் தடவை ரோடு முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. ஓட்டல்களில் பூனையைக் கூடையில் போட்டு மூடினார்கள், பங்க்குகளில் இங்க் ஃபில்லரைக் கழுவி வைத்துக் காத்திருந்தார்கள், சுங்கச்சாவடிக்காரர்கள் தடுப்புக்கு அடியில் மண்ணைக் கூட்டிச் சுத்தம் செய்து வைத்தார்கள், நாக்பூரில் ஜவ்வரிசி வியாபாரிகள் பந்தல் போட்டார்கள் என்றுகூடப் பேச்சு வந்தது, அதை நான் நம்பவில்லை. இங்கே நாங்கள் மறுபடியும் நாயைக் கட்டினோம், வெறுங்காலோடு நடந்தோம். போனில் அவள் குரல் நாளுக்கு நாள் இளைத்தது. வையாபுரிக்கு எதுவும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், ஆகவே அவர் கேட்கும்போதெல்லாம் ரெஜினா ஸ்பீக்கர் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டிக்குள் கண்ணாடியோரம் நடப்பார், திரும்பி நடப்பார். பிறகு நடப்பதையும் விட்டுவிட்டார்.

கடைசி நாட்களில் அவள் குரலும் கொசுவாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது. தாண்டிவிட்டாள் என்றார்கள் சிலர். ரோட்டோரத்தில் ஏதோ மின்னியதை ஒரு மைனா கொத்திக்கொண்டு போனதாக ஒருவர் சொன்னார். அவரை அடிக்கப் போய்விட்டார் பொங்கியண்ணன்.

அவள் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், அதே நெருஞ்சிச் செடிகளுக்கு ஊடே, ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு மழைத்துளி பட்டு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நேரானது. நாங்கள் அவளுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டே கூடம் வரை ஊர்வலம் மாதிரி நடந்தோம், அவள் வேகத்துக்கு நடந்ததில் அந்தத் தெருவைக் கடக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது. ரெஜினா பெட்டியின் கதவைத் திறந்தாள். டிப்பர் உள்ளே போய் லாரிக்குப் பக்கத்தில் நின்றது.

வையாபுரி சத்தம் கேட்டு இறங்கினார். வளர்மதி இறங்கினாள். வேறு வண்டி, வேறு டயர், நான் சொன்னது பொய்யாகவில்லை, அவள் சிறுப்பது கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது, முன்பு அவர் தோளுக்கு இருந்தவள் இப்போது அவரைவிட ஒரு தலை உயரமாக இருந்தாள். அவர் அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "வளந்துட்ட புள்ள" என்றார். அதற்கு மேல் கேட்பது சரியில்லை என்று ரெஜினா ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

நாங்கள் வெளியே வந்து அழுதோம், சிரித்தோம், பிறகு சங்கம் கூடியது. இரண்டு வண்டிக்கும் இடம் பற்றாது, பெரிய கண்ணாடிப் பெட்டியாக, தேக்குச் சட்டம் போட்டு, உள்ளே விளக்கு வைத்துச் செய்ய வேண்டும் என்று தீர்மானமானது. ஜோடியாக இருப்பதால் கல்யாணம் ஆகாதவர்கள் சுற்றி வந்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் ஆமாம் என்றார்கள், எதையும் உடனே ஒத்துக்கொள்வது எங்களுக்குப் பழகியிருந்தது. தச்சரைப் பார்க்கத் திருச்செங்கோட்டுக்கு ஒரு கார் நிறையப் போனார்கள்.

அந்த இடைவேளையில் வளர்மதி ரெஜினாவைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். ஒயரை மாட்டச் சொன்னாள். இரண்டு வண்டிக்கும் புதுக் கிரவுன் வேண்டும் என்றாள். "எல்லாத்துக்கும் முப்பத்தேழு."

"எலி மாதிரி ஓடும்னு சொன்னேனுங்களே அக்கா. யாரு கண்ணுலயும் படமாட்டீங்க."

"அதுக்குத்தானுங்க" என்றாள் வளர்மதி.

ரெஜினா கேள்வி கேட்காமல் வெட்டிக் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினார்கள். புதுப் பெட்டிக்கு அளவெடுக்கத் தச்சர் வந்த காலையில், கூடத்தில் காலிப் பெட்டியும் வாடிய பூவும்தான் இருந்தன. பொங்கியண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன அறிவிப்பதென்று தெரியாமல் நின்றார். எந்தப் பக்கம் போனார்கள் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். தெரியாது என்றேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் நான் மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன இரைச்சல் கேட்டது, கால் பக்கத்தில் முன்னும் பின்னுமாக ஏதோ இரண்டு ஓடின, நான் ஒரு காலைத் தூக்கியபடியே அசையாமல் நின்றுவிட்டேன், அந்த இரைச்சல் தேய்ந்து போன பிறகுதான் காலைக் கீழே வைத்தேன். அவர்கள் என் மேடையில் ஏறி இறங்கித்தான் போனார்கள். எடை காட்டுகிற பெட்டியில் சைபர் எரிந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் லோடு வண்டிகள் வரிசையில் நின்று ஆரன் அடிக்கின்றன, கிளீனர்கள் கத்துகிறார்கள், மேடை காலியாகத்தானே இருக்கிறது, சைபர் காட்டுகிறதே, ஏன் கையைக் காட்ட மாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறார்கள். நான் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கீழே இறங்கி, மண்டி போட்டு, மேடை முழுக்க ஒரு தடவை பார்த்த பிறகுதான் கையைக் காட்டுகிறேன்.